முதலில் சொன்ன சொல்

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் மச்சான் ராஜவேலுக்கு, இடுப்புக்குக் கீழே ஓய்வு பெற்றுவிட்ட சிங்காரம் எழுதிக்கொள்வது. நான் நலம். என் வாய் என்னைவிட நலம். உன் தங்கச்சி லோகநாயகிக்கும் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. உன் மகள் எழிலரசியைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் உன் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய். உன் ரூமில் இருக்கிறவர்கள் எல்லாம் என் குரல் கேட்டதுமே சிரிக்கத் தொடங்குவார்கள். இது அப்படிக் கேட்கிற செய்தி இல்லை. அதனால்தான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த நான், நெஞ்சின் மேல் பலகையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கம்மாபுரத்துத் திருநாவுக்கரசு லீவு முடிந்து அங்கே திரும்புகிறான். அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் வயிற்றை நீ பார்க்க வேண்டுமே. பண்ருட்டிப் பலாப்பழத்தைச் சட்டைக்குள் வைத்துக் கடத்துகிறான் என்று ஏர்போர்ட்டில் பிடித்துவிடப் போகிறார்கள். லோகு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்திருக்கிறாள். அவன் வழியில் தின்றுவிடாமல் இருந்தால் உனக்கு வரும்.

ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. செம்மங்குப்பம் பக்கமிருந்து காற்றடித்தால் கெமிக்கல் கம்பெனி வாடை வருகிறது. எதிர்வீட்டு தில்லைநாதன் மட்டும் அது என் படுக்கையிலிருந்து வருகிறது என்கிறான். அவன் இப்போது தலைக்கு டை அடிக்கிறான். யாருக்காகய்யா இந்த அலங்காரம் என்று கேட்டேன். "ஒனக்குப் பொறாம மச்சான்" என்றான். அடித்த மையில் பாதி காதில் வழிந்து கிடந்தது. பொறாமைப்பட இடமே இல்லை.

சரி, நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் லோகு கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைத்தோம். எழில் அப்போது பாண்டிச்சேரியில் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஆள் ஒரு நாள் சுடுதண்ணீர்ப் பையை என் இடுப்புக்கு அடியில் வைத்துவிட்டுப் போனில் படம் பார்க்கப் போய்விட்டான். எனக்குத்தான் அங்கே உணர்ச்சி கிடையாதே. புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வெந்துவிட்டது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த லோகு, இது என்ன புண் என்று கேட்டாள். நானேதான் பையை வைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவள் எழுந்து நடமாடும்வரை தினமும் காலையில் என்னைத் துடைக்க அவன்தான் வர வேண்டும். அவனைப் பகைத்துக்கொண்டு நான் நாறிக் கிடப்பதா? உனக்கும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் எழில் ஜவுளிக்கடையை விட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். இதையே ஒரு தொழிலாகப் படிக்கிறேன் என்று சிதம்பரத்துக்குப் போய் வந்தாள். அவள் படிக்கப் போனது உனக்குத் தெரிந்த கதைதான்.

அந்தப் படிப்பு புதிது. வீட்டோடு படுத்துக் கிடக்கிறவர்களைப் பார்க்கிற வேலைக்கு இதுவரை படிப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆயாம்மா என்பார்கள், வேலைக்காரி என்பார்கள், அவ்வளவுதான். இனிமேல் அதற்கு ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும், இன்னின்ன தெரிந்தால்தான் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எழில் படித்தது முதல் செட்டு. அதில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பார்க்கிறவர்களை மட்டும் இல்லாமல், படுத்துக் கிடக்கிறவர்களையும் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். என்னைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்து, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு மரியாதை நடக்கவில்லை. உங்கப்பாதான் காரணம்.

மைக் கிடைத்தால் விடுவேனா? என் தலைக்கு மேலே நின்றுகொண்டு என்னைப் பற்றி இன்னொருத்தரிடம் பேசாதீர்கள், நான் படுத்துத்தான் இருக்கிறேன், பால் ஊற்றிவிடவில்லை என்றேன். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது. வெந்த கதையையும் சொன்னேன். பக்கத்தில் லோகு உட்கார்ந்திருந்தாள். அதனால் எனக்கு நடந்தது என்று சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு நடந்தது என்று மாற்றிச் சொன்னேன்.

"எங்கள மாதிரி ஆளுங்க மொதல்ல சொல்றதுதாங்க நெஜம். மறுநாள் வந்து கேட்டீங்கன்னா ஒண்ணுமே நடக்கலன்னு பல்டி அடிப்போம். ஏன்னா மறுபடி அவந்தான் எங்களக் கழுவணும். அதனால ரெண்டாவது பேச்ச நம்பாதீங்க" என்றேன்.

கைதட்டினார்கள் மச்சான். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மேடம் எழுந்து வந்து, ரொம்ப முக்கியமான கருத்து என்று சொல்லி எழுதிக்கொண்டார்கள். அதை அப்படியே சட்டமாகப் போட்டுவிட்டார்கள். காயம்பட்டது என்று நோயாளி முதலில் சொல்வதுதான் செல்லும், பிறகு மாற்றிச் சொன்னால் பயத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. எழில்தான் வாசித்துக் காட்டினாள். "மாமா பேர்ல சட்டமே வந்துருச்சு, இனிமே செல வெக்கிறதுதான் பாக்கி" என்றாள். "வெச்சா நிக்கிறாப்புல வெய்யிடி, படுத்தாப்புல வெச்சா நாய் வரும்" என்றேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் கஞ்சிக் கிண்ணமே கவிழ்ந்துவிட்டது.

எங்கள் இரண்டு பேர் வாயும் உனக்குத் தெரியும். காலையில் என்னைப் புரட்டும்போது, "மகாராஜா எழுந்திரிங்க, ரதம் ரெடி" என்பாள். சவரம் செய்யும்போது, "இந்த மூஞ்சிக்கு இவ்ளோ பிளேடு வேஸ்ட்டு" என்பாள். நான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "இவதாங்க என்னப் பாத்ரூம்ல போட்டு ஒடச்சவ" என்று சொல்வேன். அவள் ஒரு தடவைகூட என்னைக் கீழே விட்டது கிடையாது. ஒரு நாள் சோப்பு கைநழுவி என் மூக்கில் விழுந்தது, அவ்வளவுதான். அதை வளர்த்து வளர்த்து எலும்பு முறிவுவரை கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கிறோமோ இல்லையோ, இந்தக் கதையைக் கொடுத்துவிடுவோம். அவளும் விட மாட்டாள். "அடுத்த தடவ கெணத்துல போடுறேன் பாரு மாமா" என்பாள். நீயே போனில் கேட்டுச் சிரித்திருக்கிறாய். மச்சான் மகளைக் கேலி செய்யாமல் வேறு யாரைக் கேலி செய்வது?

பரீட்சை நம் வீட்டில்தான் நடந்தது. வீட்டில் பார்க்கிற வேலைக்குப் பரீட்சையும் வீட்டில்தான் என்று அதுவும் ஒரு சட்டம். மார்க் போட கோயமுத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். நல்ல அம்மா. சத்தமாகக்கூடப் பேச மாட்டார்கள். வந்ததும் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வாசலில் தில்லைநாதன் முதல் தெருவே கூடிவிட்டது. எழில் ஒரு குறை வைக்கவில்லை. புரட்டினாள், துடைத்தாள், போர்வை மாற்றினாள், கஞ்சி கொடுத்தாள், யூரின் பையை மாற்றினாள். அவள் கை பட்ட இடமே தெரியவில்லை. உணர்ச்சி இருக்கிற மேல் பாதியைத்தான் சொல்கிறேன்.

கடைசியில் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள். இந்தப் பெண் உங்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார், எப்போதாவது காயம் ஏதாவது பட்டதா என்று கேட்டார்கள்.

வாசலில் தில்லைநாதன் அப்போதே பல்லைக் காட்டத் தொடங்கிவிட்டான். என்ன வரப்போகிறது என்று தெருவுக்கே தெரியும். வாயை மூடிக்கொண்டு நல்ல பெண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அத ஏம்மா கேக்குறீங்க, பாத்ரூம்ல ரெண்டு தடவ போட்டுட்டா. முதுவுல தோலே கெடையாது" என்றேன். வாசலில் ஒரே சிரிப்பு. எழில் ஓரமாக நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, விளையாட்டுக்குச் சொல்றீங்களா, நெசமாவே சொல்றீங்களா?" என்று கேட்டார்கள்.

கேட்டார்கள் மச்சான். எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார்கள். ஆனால் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் எங்கே நிறுத்துவேன்? "சத்தியமா நெஜம்மா. வேணும்னா பொரட்டிப் பாருங்க" என்றேன். அந்த அம்மா போர்வையை விலக்கிப் புரட்டிப் பார்த்தார்கள். அங்கே, இடுப்புக்குக் கீழே, வெந்து ஆறிய தழும்பு. உள்ளங்கை அகலம் இருக்குமாம். எனக்கு அது கண்ணுக்கும் தெரியாது, உணர்ச்சியும் கிடையாது. அப்படி ஒன்று என் உடம்பில் இருப்பதே மறந்துபோய்விட்டது.

அதற்குள் எழில் பழக்கதோஷத்தில், "அடுத்த தடவ கெணத்துலதான் மாமா" என்றுவிட்டாள். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு என் கையைப் பிடித்து, "பயப்படாமச் சொன்னீங்க ஐயா, ரொம்ப நன்றி" என்றார்கள். அவர்கள் கை ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, சும்மா கேலிக்குச் சொன்னேம்மா, தங்கமான பொண்ணும்மா என்று கத்தினேன். தலையை ஆட்டிக்கொண்டு அதையும் எழுதினார்கள். மாற்றிச் சொல்கிறார் என்று எழுதியிருப்பார்கள். வேறு என்ன எழுதுவார்கள், சட்டம் அப்படித்தானே.

முடிவு வந்துவிட்டது மச்சான். இன்னும் வரவில்லை என்று எழில் உன்னிடம் சொல்வது பொய். அவளுக்குச் சான்றிதழ் கிடையாது. நோயாளிக்குக் காயம் ஏற்படுத்தினாள், பரீட்சை நடக்கும்போதே மிரட்டினாள் என்று போட்டு, மூன்று வருஷத்துக்கு மறுபடி எழுதவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சிதம்பரத்தில் அவளை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்த முதியோர் இல்லம் இனி போனைக்கூட எடுக்காது.

மாற்றிச் சொல்ல சிதம்பரத்துக்கே போனேன். லோகுவும் எழிலும் கூட வந்தார்கள். ஆட்டோவிலிருந்து என்னை நாற்காலியில் இறக்கி வைத்தது எழில்தான். வேறு யாருக்கு அந்த வித்தை தெரியும்? அதைப் பார்த்துக்கொண்டே அந்த மூக்குக் கண்ணாடி மேடம் வந்தார்கள். எழிலை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இங்கே உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, தைரியமாகப் பேசுங்கள் என்றார்கள்.

"அவ எனக்கு மச்சான் மவம்மா. கேலி பண்ற மொறம்மா" என்றேன்.

"தெரியும் ஐயா, எங்க வீட்டுலயும் மாமன் கேலி உண்டு. ஆனா அந்தக் காயம் கேலியில்லையே?" என்றார்கள்.

வேறு வழியில்லாமல் அந்த ஆள் பை வைத்த கதையைச் சொன்னேன். லோகு முன்னாலேயே சொன்னேன். மேடம் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு, "அன்னைக்கு மண்டபத்துல அது வேற ஒருத்தருக்கு நடந்ததுன்னு சொன்னீங்களே ஐயா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் அவ்வளவு இரக்கம். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், பிறகு அழுதுவிட்டேன். என் வாழ்நாளிலேயே வாய்க்கு வேலை இல்லாமல் போனது அங்கேதான். பக்கத்தில் இருந்தவரிடம், எவ்வளவு பயந்து போயிருக்கிறார் பாருங்கள் என்று மேடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. என் தலைக்கு மேலே நின்றுகொண்டுதான் சொன்னார்கள்.

வரும் வழியில் பரங்கிப்பேட்டை தாண்டியதும் லோகு வாயைத் திறந்தாள். நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ ஏன்யா பொய் சொன்ன என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்றிலிருந்து சோறு வருகிறது, தண்ணீர் வருகிறது, வார்த்தை வருவதில்லை. உனக்கு எழுதித் தொலை என்று நேற்று காகிதத்தைத் தூக்கி மேலே போட்டாள். அதுவே எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது.

என் பாதுகாப்புக்காக, எழில் என்னைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக அதே செட்டில் தேறிய சிலம்பரசன் என்ற பையனை அனுப்புகிறார்கள். குற்றம் சொல்ல முடியாத பையன். ஐயா, இப்போது உங்களை இடது பக்கம் திருப்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவான். ஐயா, இப்போது துடைக்கப் போகிறேன் என்பான். நான், மாப்ள, ஒன் மூஞ்சிய மொதல்ல தொடச்சிட்டு வாடா என்பேன். "சரிங்க ஐயா" என்று நிஜமாகவே போய்த் துடைத்துக்கொண்டு வருவான். இவனிடம் என்ன பேசுவது? ஒரு நாள், என்னக் கெணத்துல போட்டுடுடா என்றேன். உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டுவிட்டான். மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற ஒரு அம்மா வந்து, ஒரு மணி நேரம் என்னிடம் மென்மையாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

எழில் இப்போது பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கப் போகிறாள். வெளுக்கிறதுக்குள் போய் இருட்டினால் வருகிறாள். கொட்டையில் இருக்கிற எண்ணெய் பட்டுக் கை இரண்டும் கறுத்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. எண்ணெய் ஒட்டாமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொண்டாலும் எரிகிறதாம். லோகு இரவில் தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறாள். உன்னிடம் வீடியோவில் பேசும்போது போனை ஜன்னலில் சாத்தி வைத்துவிட்டு, கையைக் கீழே வைத்துக்கொள்கிறாள். நீ கவனித்திருக்க மாட்டாய். அடுத்த தடவை கையைக் காட்டச் சொல். காட்ட மாட்டேன் என்பாள். விடாதே. அவளைத் திட்டாதே. அவள் ஒன்றும் செய்யவில்லை.

அவள் என்னையும் ஒன்றும் சொல்லவில்லை மச்சான். அதுதான் தாங்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "சாப்ட்டீங்களா மாமா?" என்று கேட்கிறாள். உள்ளே வருவதில்லை. மகாராஜாவும் இல்லை, ரதமும் இல்லை. போன வாரம், என்னாடி கருவாச்சி, அடுப்புக்குள்ள பூந்துட்டு வர்றியா என்று வம்புக்கு இழுத்தேன். அவள் கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, "ஆமாங்க மாமா" என்றாள்.

எழிலு இந்த வேலையில சேந்துட்டா மறுமாசமே லாரிச் சாவியைக் கொடுத்துட்டு வந்துருவேன் என்று நீ சொல்லியிருந்தாய். முதலாளியிடம் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை என்றால் சொல்லாதே. சொல்லியிருந்தால் போய் மாற்றிச் சொல். அங்கேயாவது இரண்டாவது பேச்சை நம்புவார்கள். உன் கால் புண்ணோடு இன்னும் எத்தனை வருஷம் வண்டியின் பெடலை மிதிக்கப் போகிறாயோ தெரியவில்லை. மாத்திரையை விடாதே. செருப்பு இல்லாமல் அந்த மணலில் இறங்காதே. ராத்திரி சோற்றைக் குறைத்துக்கொள்.

திருநாவுக்கரசு கையிலிருந்து கடிதம் கிடைத்ததும் பதில் எழுது. எப்போதும் போல வாடா போடா என்று, உன் வாயில் வருகிற கெட்ட வார்த்தை அத்தனையும் போட்டு எழுது. எங்கள் வீட்டுப் பெண்ணை இப்படிச் செய்துவிட்டாயே நாயே என்று எழுது. தங்கச்சி புருஷன், கால் விளங்காதவன் என்று பார்த்து, மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு என்று மட்டும் தொடங்கிவிடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளையின் கை ஆற வேண்டும். உன் கால் ஆற வேண்டும். பாடலீஸ்வரர் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்
சிங்காரம்